கரோல் பாக் கேசட்டில் ஒரு பெண் குரல்

ஜனக்புரி, புது தில்லி
8 பிப்ரவரி 2004

என் பழைய அறைத்தோழனும் வத்சலாவின் அண்ணாவும், ஆகையால் என்னிடம் இரண்டு மடங்கு மரியாதை பெற வேண்டியவனுமாகிய சேஷுவுக்கு,

வாசுதேவன் நமஸ்காரம். இங்கே நாங்கள் மூவரும் சௌக்கியம் என்று எழுதத்தான் பேனாவைத் திறந்தேன். மூவரில் வத்சலாவையும் சேர்த்துக்கொள்ளலாமா என்று அவளிடமே கேட்டுவிடுவது உத்தமம் என்று தோன்றியதால் கேட்டேன். பதில் வரவில்லை. ஆகவே ஜ்யோத்ஸ்னாவும் நானும் சௌக்கியம். ஸ்ரீரங்கத்தில் நீயும் மன்னியும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இந்தக் கடிதத்தைப் படித்து முடிக்கும் வரையிலாவது அப்படி இருக்க ரங்கநாதர் அருள வேண்டும். கடிதத்தை மன்னி கையில் கொடுக்காமல் நீயே தனியாக உட்கார்ந்து படி.

விஷயம் இப்படி ஆரம்பித்தது. எங்கள் வெள்ளி விழாக் கல்யாண நாளுக்கு ஜ்யோத்ஸ்னா, குர்காவ் ஆபீஸிலிருந்து வரும் வழியில், எழுபதுகளின் பாட்டுகள் அடங்கிய ஒரு சிடி வாங்கி வந்தாள். அட்டையைத் திருப்பிப் பார்த்தால் நம் படகுப் பாட்டு! அதுதானப்பா, படகில் தனியாகப் போகும் கதாநாயகி பாடுவாளே, இலங்கை வானொலியில் எப்போது வருமென்று நீ ஆபீஸுக்கு மட்டம் போட்டுக் காத்திருப்பாயே, அதேதான். எனக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. உட்கார்ந்து போட்டேன். ஆனால் சேஷு, அது நம் பாட்டே இல்லை. வார்த்தை அதுதான், பாடகியும் அவரேதான், ஆனால் ஓட்டம் இல்லை. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு எழுப்பி உட்கார்த்திப் பாட வைத்ததுபோல இருந்தது. நம்முடைய பாட்டு எப்படித் துள்ளிக்கொண்டு போகும்! நான் இதைச் சொன்னதும் ஜ்யோத்ஸ்னா சிரித்தாள். "அப்பா, உங்க ஜமானா பாட்டே இப்படித்தான். எல்லாம் ஸ்லோ. நீங்கள்லாம் அப்போ டைம் எப்படி பாஸ் பண்ணேள்?" என்றாள். எனக்கு எப்படி இருந்திருக்கும், நீயே சொல். நம் இளமையை ஒரு சின்னப் பெண் மந்தம் என்று சொல்லிவிட்டுத் தோசைக்கு மிளகாய்ப் பொடி கேட்கிறாள்.

விடுவேனா? மறுநாளே அந்த சிடியைத் தூக்கிக்கொண்டு, வாங்கிய கடைக்குப் போய், இதில் பாட்டை இழுத்து வைத்திருக்கிறீர்கள், எங்கள் காலத்தில் இது இவ்வளவு மெதுவாகப் போகாது என்றேன். கடைக்காரப் பையன் சிடியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, மூக்கால் முகர்ந்தும் பார்த்துவிட்டு, "அங்கிள்ஜி, சிடி டீக் ஹை. ஆப் தோடா தேஸ் ஹோ" என்றான். சிடி சரியாகத்தான் இருக்கிறது, நீங்கள்தான் கொஞ்சம் வேகம் என்கிறான்! வத்சலாவிடம் வந்து சொன்னால் அவளும் அவன் கட்சி. அப்போதுதான் நம் கேசட் ஞாபகம் வந்தது. கரோல் பாக் அறையில் ரேடியோவுக்கு எதிரே டேப் ரிக்கார்டரை வைத்து நாம் பிடித்த கேசட். அதைப் போட்டுக் காட்டினால் எழுபதுகளின் வேகம் தெரிந்துவிடும் அல்லவா? எங்கள் வீட்டில் பழைய சாமான்கள் எல்லாம் கட்டிலுக்கு அடியில் இருக்கும் பெட்டிக்குள் போய்விடும். அதைத் திறக்க வேண்டுமானால் மெத்தையைத் தூக்க வேண்டும், உள்ளே இருக்கும் ரஜாய்ப் போர்வைகளை எடுக்க வேண்டும், ரஜாய்களுக்கு அடியில் ஜ்யோத்ஸ்னா பள்ளிக்கூடத்தில் வாங்கிய கோப்பைகள், அவற்றுக்கு அடியில் நான் எறிந்துவிட்டதாக வத்சலாவிடம் சொல்லியிருந்த என் ஆபீஸ் சஃபாரி சூட், அதற்கும் அடியில் கேசட். சூட் அகப்பட்டதற்கு ஒரு மண்டகப்படி நடந்தது. அதை விரிக்கவில்லை.

கேசட் கிடைத்தது, போட மெஷின் இல்லை. பக்கத்து வீட்டு குரானா, கல்யாணத்துக்கு வந்த டூ-இன்-ஒன் ரேடியோ-டேப் ஒன்றை இன்னும் துணி போர்த்தி வைத்திருப்பவர், அதைத் தாமே தூக்கி வந்து கொடுத்தார். வெயிலுக்காக எல்லோரும் பால்கனியில் உட்கார்ந்தோம். வத்சலா மட்டர் பட்டாணி உரித்துக்கொண்டிருந்தாள். நான் பட்டனை அழுத்தினேன். சேஷு, அந்த ஓட்டம்! அந்தத் துள்ளல்! கொர கொரவென்று கடல் அலை மாதிரி ஒரு சத்தம், அதற்குள்ளிருந்து பாட்டு குதித்துக்கொண்டு வருகிறது. பாடகியின் குரல் சின்னப் பெண் குரலாகக் கீச்சென்று இருக்கிறது. நான் ஜ்யோத்ஸ்னாவைப் பார்த்து, "இப்போ சொல்லு, யார் ஸ்லோ?" என்றேன். என் வாழ்க்கையில் நான் ஜெயித்த விவாதங்களில் இது ஒன்று என்று நினைத்துக்கொண்டிருந்தபோதே இரண்டாவது சரணம் வந்தது. சரணத்தில் பாடகி மூச்சு விடும் இடத்தில், ரேடியோவுக்கு வெளியே, மைக்குக்கு மிக அருகில், இன்னொரு பெண் அந்த வரியைத் தானும் முனகினாள்.

ஒரு வரிதான். சுத்தமான ஸ்ருதி. முடிவில் ஒரு குழைவு வேறு. அதற்குப் பின்னால் புரியாத கீச்சுச் சத்தம் ஒன்று. வத்சலா மட்டரை விட்டுவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டாள். "யார் இது?" என்றாள். "ரேடியோவில் வந்திருக்கும்" என்றேன். "ரேடியோல வர்ற குரல் வேற, இது வேற. இது ரூமுக்குள்ள இருக்கற குரல். உங்க பேச்சிலர் ரூம்ல எந்தப் பொம்மனாட்டி உட்கார்ந்து பாடினா?" என்றாள். உனக்குத்தான் தெரியுமே, உன் தங்கைக்குப் பாட்டுக் காது. மேடையில் தம்புரா ஒரு மயிரிழை இறங்கினாலும் நெளிபவள். அவளிடம் பொய் சொல்ல முடியாது, இங்கே சொல்லத் தெரிந்த உண்மையும் என்னிடம் இல்லை. அந்த நேரம் பார்த்து குரானாவின் மனைவி கதவைத் தட்டிக்கொண்டு வந்து, "பாயி சாப், கித்னி மீட்டீ ஆவாஸ்! கௌன் ஹை யே?" என்று அந்த இனிமையான குரலுக்குச் சொந்தக்காரி யாரென்று விசாரித்தாள். "அதைத்தான் நானும் கேட்டுண்டிருக்கேன்" என்று வத்சலா தமிழிலேயே பதில் சொன்னாள். அந்த அம்மாளுக்குப் புரிந்துவிட்டது என்று நினைக்கிறேன், டூ-இன்-ஒன்னைப் பிறகு வாங்கிக்கொள்கிறோம் என்று போய்விட்டாள்.

வத்சலாவை நான் சமாதானம் செய்ய முயன்றதில்தான் விவகாரம் முற்றியது. நம் மூன்றாவது அறைத்தோழன் வடிவேலுக்குத் திருநெல்வேலிக்கு போன் போட்டு, ஸ்பீக்கரை அழுத்தி, எல்லோரும் கேட்கும்படியாக, நம் அறைக்கு எப்போதாவது ஒரு பெண் வந்ததுண்டா, மறைக்காமல் சொல் என்றேன். வடிவேல் ஒரு நிமிஷம் யோசிக்கக்கூட இல்லை. "யோவ், நம்ம மூஞ்சிக்கு எவ வே வருவா? பால்காரனே வாசல்ல வச்சிட்டு ஓடுவான்" என்றான். நான் வத்சலாவைப் பெருமையாகப் பார்த்தேன். அவளோ, "அவர் மூஞ்சியைப் பத்தி அவர் சொல்றார். உங்க மூஞ்சியைப் பத்தி யார் சொல்றது?" என்று உள்ளே போய்விட்டாள். இப்படிப்பட்ட கேள்விக்கு, என் முகம் அப்போது நன்றாக இருந்தது என்று சொல்வதா, இல்லை என்று சொல்வதா?

இப்போது உனக்கு ஒன்றை ஒளிக்காமல் சொல்கிறேன். வத்சலாவின் கோபம் ஒரு பக்கம் இருக்கட்டும், எனக்கே தலை வெடித்துவிடும் போல் இருக்கிறது. யார் அது? வீட்டில் ஆள் இல்லாதபோது பால்கனிக் கதவைச் சாத்திக்கொண்டு அந்த ஒரு வரியைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்கிறேன். எவ்வளவு சந்தோஷமான குரல் தெரியுமா? தான் பாடுவதே தெரியாமல் பாடுகிற மாதிரி இருக்கிறது. அந்தக் காலத்திலும் இந்தக் கேசட்டை நாம் கேட்டுக்கொண்டேதான் இருந்தோம், ஆனால் மண்ணெண்ணெய் ஸ்டவ்வின் இரைச்சலில் முழுப் பாட்டும் என்றைக்குக் காதில் விழுந்தது? ரிக்கார்டு செய்யும்போது மட்டும்தான் ஸ்டவ்வை அணைப்போம். அப்போதும் கதவைத் தாழிட்டுக்கொள்வோம். வடிவேல் கதவருகே. நீ பின்பக்கப் பால்கனியில் ஏரியல் கம்பியைப் பிடித்துக்கொண்டு. நான் பட்டனுக்குப் பக்கத்தில், யாரும் இருமக்கூடாது என்று விரலை வாயில் வைத்துக்கொண்டு. ஒருமுறை வடிவேல் தும்மியதற்கு நான் இரண்டு நாள் அவனோடு பேசவில்லை. இவ்வளவு கட்டுக்காவலில் ஒரு பெண் எப்படி உள்ளே வந்தாள்? வீட்டுக்கார மாதாஜியாக இருக்க முடியாது, அவள் குரலுக்கு ரிக்கார்டர் தாங்கியிருக்காது.

யோசித்து யோசித்து, நான் வருத்தத்தோடு உன்னிடம் வந்து சேர்ந்திருக்கிறேன். ஏரியல் கம்பி பின்பக்கப் பால்கனியில்தான் இருக்க வேண்டும் என்று ஏன் அப்படிப் பிடிவாதம் பிடித்தாய்? முன்பக்கம்தான் நன்றாக எடுக்கிறது என்று வடிவேல் எத்தனை முறை சொன்னான்? பின்பக்கத்தில் என்ன இருந்தது? பாலக்காட்டுக்காரர்கள் வீடு இருந்தது. அந்த வீட்டில் யார் இருந்தாள்? ஸ்டெனோ லதா இருந்தாள். லதா பாடுவாளா? கோயில் பஜனையில் பாடுவாள். நம் இரண்டு பால்கனிக்கும் நடுவில் ஒரு முழ இடைவெளிதான். நான் பட்டனையே பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில் நீ யாரையாவது உள்ளே வரவிட்டாயா? வந்து என் மைக்குக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்தாளா? எனக்கே தெரியாமல் என் பக்கத்தில் ஒரு பெண் உட்கார்ந்து பாடியிருக்கிறாள் என்றால், நான் அவ்வளவு அசடாக இருந்தேனா?

இதில் என் நிலைமையைப் பார். அவளை உள்ளே விட்டவன் நான் என்று ஆனால் என் வீட்டில் அடுப்பு எரியாது. நீ என்று ஆனால் மன்னிக்கு என்ன பதில் சொல்வாய் என்று எனக்குக் கவலை. அது மட்டும் இல்லை, உன்னை நம்பித்தான் வத்சலா எனக்குக் கழுத்தை நீட்டினாள். "அண்ணா சேர்ந்து இருந்து பார்த்திருக்கார், ஒண்ணும் மறைச்சிருக்க மாட்டார்" என்று முந்தாநாள் வரை சொல்லிக்கொண்டிருந்தாள். நேற்றிலிருந்து அந்த நம்பிக்கையே ஆட்டம் கண்டுவிட்டது. என்னோடு பேசாமல் ஜ்யோத்ஸ்னா மூலமாகப் பேசுகிறாள். அந்தக் குழந்தைக்கோ தமிழ் தகராறு. "அம்மா சொல்றா, நீங்க காபி குடிச்சா பீலோ, இல்லேன்னா மத் பீயோ" என்று வந்து சொல்கிறது. குடித்தால் குடி, இல்லாவிட்டால் போ என்று அர்த்தம். இத்தனை வருஷக் குடித்தனம் மொழிபெயர்ப்பில் நடக்கிறது. ஆகவே சேஷு, தயவு செய்து உண்மையை இரண்டு தாளில் எழுது. வத்சலாவுக்கு ஒன்று, அவள் மனசு ஆறுகிற மாதிரி. எனக்கு ஒன்று, உள்ளபடி. இரண்டும் ஒரே கவரில் வேண்டாம்.

மன்னிக்கு என் நமஸ்காரம். லதா பெயர் வந்த பக்கத்தை முதலில் கிழித்துவிடு. ரங்கநாதர் உன்னையும் என்னையும், முக்கியமாக என்னை, காப்பாற்றட்டும்.

இப்படிக்கு,
விடை தெரியாமல் தவிக்கும்
வாசுதேவன்

பின்குறிப்பு: மேலே எழுதியது ஒன்றையும் நம்பாதே. கவரை ஒட்டி வைத்துவிட்டு இன்று மறுபடி பிரித்து எழுதுகிறேன். நேற்று ராத்திரி முழுக்க அம்மாவும் அப்பாவும் பேசாததைப் பொறுக்க முடியாமல் ஜ்யோத்ஸ்னா கேசட்டைக் கம்ப்யூட்டரில் ஏற்றி, சிடியோடு ஒட்டிவைத்துப் பார்த்தாள். "அப்பா, சிடி சஹி ஹை. உங்க டேப்தான் ஃபாஸ்ட். ரிக்கார்டு பண்ணும்போது பேட்டரி வீக்கா இருந்ததா?" என்றாள். அறையில் இருந்த ஒரே பிளக்கை ரேடியோ பிடித்துக்கொண்டதால் ரிக்கார்டரைச் செல்லில்தானே ஓட்டினோம்? செத்த செல்களை மொட்டை மாடியில் வடாம் மாதிரிக் காயவைத்து உயிர் கொடுப்போமே, தில்லி ஜனவரியில் வெயில் ஏது? செல் திணறத் திணற டேப் மெதுவாக நகர்ந்து பாட்டைப் பிடித்திருக்கிறது. பிறகு பிளக்கில் போட்டதும் எல்லாமே பறந்திருக்கிறது. நம் எழுபதுகள் துள்ளவே இல்லையாம், சேஷு. ஜ்யோத்ஸ்னா சொன்ன மாதிரி மந்தம்தானாம்.

அவள் கேசட்டை சிடி வேகத்துக்கு இறக்கினாள். பாடகி பெரியவளானாள். அந்த முனகலும் இறங்கி இறங்கி ஓர் ஆண் குரலாக வந்து நின்றது. வரி முடிந்ததும், அந்தக் கீச்சுச் சத்தம் இருந்த இடத்தில், அதே குரல், "சேஷு, மூச்சு விடாதே, டேப்ல விழறது" என்று அதட்டியது. உன்னை இந்த மாதிரி அதட்டியவன் உலகத்தில் ஒருவன்தான். எல்லோர் வாயையும் பொத்திவிட்டு நான் பாடியிருக்கிறேன். லதா விஷயத்தில் உன்னிடமும் அவளிடமும் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

வத்சலா சிரிப்பாள் என்று எதிர்பார்த்தேன். சிரிக்கவில்லை. இன்னொரு தடவை போடச் சொன்னாள். நலங்கில் இவள் பாடிவிட்டு, நீங்களும் ஒரு வரி பாடுங்கோ என்று கெஞ்சியபோது எனக்குப் பாடவே வராது என்று சொன்னவன் நான். அதற்குப் பிறகு குளியலறையில்கூட முனகியதில்லை. எப்போது நிறுத்தினேன், ஏன் நிறுத்தினேன் என்று சத்தியமாக எனக்குத் தெரியவில்லை. வெட்கமாக இருந்தது. அந்தக் குரலைக் கேட்க ஆசையாகவும் இருந்தது. வத்சலா என்னைப் பார்த்து நேராகவே பேசினாள். "அந்தப் பொண்ணு யாருன்னு கேட்டுக் கேட்டு உங்களைப் படுத்திட்டேன், போறது. இப்போ சொல்லுங்கோ, இந்தப் பையன் யாரு? இவனை ஏன் நீங்க எனக்குக் காட்டவே இல்லே?" என்றாள். அவனோடு ஓர் அறையில் இருந்தவன் நீ. ஆகையால் இரண்டு தாளெல்லாம் வேண்டாம், ஒரே தாளில் அவனைப் பற்றி உன் தங்கைக்கு எழுது. அவள் படித்தபின் நானும் வாங்கிப் படிக்கிறேன்.