மேல பாத்து நின்ன வண்டி

எங்கள் மலையில் ஒரு டீசல் வண்டியின் உடம்பு எப்படி இருக்கிறது என்று தெரிந்துகொள்ள பானெட்டைத் திறக்க வேண்டியதில்லை. எந்தப் பக்கம் பார்த்து நிறுத்தியிருக்கிறார்கள் என்று பார்த்தால் போதும். மூக்கு சரிவில் கீழே பார்த்து நின்றால், காலைக் குளிரில் தானாக எழாத வண்டி. உருட்டிவிட்டுத்தான் ஸ்டார்ட் செய்வார்கள். மேலே பார்த்து நின்றால் ஆரோக்கியம். (சொந்தக்காரருக்குக் கொஞ்சம் திமிரும் இருக்கலாம்.)

என் வண்டி கீழே பார்த்தே காலம் தள்ளிய வண்டி. எனக்குக் கொட்டச்சேடு ரோட்டில் வீடு. மிளகும் காப்பிக்கொட்டையும் வாங்கி விற்கிற வியாபாரம். அம்மா போன பிறகு என்னை வளர்த்த அக்கா சேலத்தில் இருந்தாள். தினமும் போன் செய்வாள். சாப்பிட்டாயா, தூங்கினாயா என்றெல்லாம் கேட்க மாட்டாள்.

“என்ன கண்ணு, வண்டி மேல பாத்து நிக்குதா, கீழ பாத்து நிக்குதா?”

“கீழதாங்க்கா.”

“விடியால சுபுஹு தொழுகைக்கு எழுப்புனா போர்வைய இழுத்துக்கிற புள்ளையாட்ட இருக்குது அது. அப்படியே உன்னைய உரிச்சு வச்சிருக்குது.”

நோய் என்னவோ சின்னதுதான். டீசல் என்ஜினில் தீப்பொறி கிடையாது. அழுத்தத்தில் காற்று சூடாகி, அந்தச் சூட்டில்தான் டீசல் எரியும். குளிர்காலத்தில் அந்தச் சூடு போதாது என்பதால் சிலிண்டருக்கு ஒன்றாக ஹீட்டர் பிளக் வைத்திருப்பார்கள். புதுப் பிளக் வாங்கிப் போட்டேன். எழவில்லை. டவுனில் மெக்கானிக், “பிளக்குக்குக் கரண்டு விடுற ரிலே போயிருச்சுங்க. சேலத்துல சொல்லியிருக்கேன், வந்ததும் மாட்டிரலாம்” என்றார்.

போனில் வீடியோ பார்த்தே வித்தை கற்றவன் பொறுப்பானா? ரிலேயைத் தூக்கி வீசிவிட்டு, பேட்டரிக்கும் பிளக்குக்கும் நடுவே வீட்டில் சும்மா கிடந்த காலிங் பெல் பொத்தானை டாஷ்போர்டில் மாட்டினேன். (ஒயரும் அதோடு வந்த மெல்லிசு ஒயர்தான்.) மறுநாள் காலை பொத்தானை அழுத்திப் பிடித்துச் சாவியைத் திருப்பினேன். பிடித்துக்கொண்டது! அன்றே வண்டியைத் திருப்பி, மூக்கு வானத்தைப் பார்க்க நிறுத்தி, போட்டோ எடுத்து அக்காவுக்கு அனுப்பினேன்.

அக்காவுக்கு அப்போதே இதயம் பலவீனம்; படுக்கையில் இருந்தாள். “அப்ப இனி நான் கூப்புட்டா ஒடனே வந்துருவ” என்றாள்.

நாலைந்து நாள் கழித்து, கைக்கெட்டுகிற தூரமும் தெரியாத பனியில், விடிந்தும் விடியாமலும் போன் வந்தது. அக்கா மகள் ஷபானா.

“மாமா, அம்மாவுக்கு மூச்சு வாங்குது. டாக்டரு கைய விரிச்சுட்டாரு. உங்களத்தான் கேக்குது. ஒடனே வாங்க.”

ஓடினேன். பொத்தானை அழுத்தினேன். அந்தக் குளிருக்கு வழக்கத்தைவிட அதிக நேரம் அழுத்தினேன். கருகல் நாற்றம். பொத்தான் உருகி, விரலோடு ஒட்டிக்கொண்டு வந்தது. சாவியைத் திருப்பத் திருப்ப வெள்ளைப் புகை வந்து பனியில் கலந்ததே தவிர, என்ஜின் பிடிக்கவில்லை.

கொட்டச்சேட்டிலிருந்து பஸ் வந்தது. “சேலமுங்களா பாய்? ஏறுங்க” என்றார் டிரைவர்.

“நீங்க போங்க. இதோ புடிச்சுரும்.”

என் மனைவி ஜமீலா கையைப் பிடித்தாள். “ஏனுங்க, இதுலயே போயிரலாமுங்க.”

“சும்மா இரு. பொத்தான்தானே உருகிருச்சு, ஒயர நேரா முறுக்கிட்டாப் போச்சு.”

பஸ் போய்விட்டது. ஷபானாவுக்குப் போன் செய்து, வண்டி மக்கர் பண்ணுகிறது, இதோ கிளம்பிவிட்டேன் என்று அம்மாவிடம் சொல்லச் சொன்னேன்.

மிளகு மூட்டையோடு வெள்ளக்கடையிலிருந்து பைக்கில் வந்த பெரியசாமி, டாஷ்போர்டை எட்டிப் பார்த்தார். “ஏனுங்க பாய், பெல்லு அடிச்சா உள்ளாற இருந்து யாருங்க வந்து கதவத் தொறப்பாங்க?” என் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்திவிட்டு வேட்டியை மடித்துக் கட்டினார்.

கீழே பார்த்து நின்றிருந்தால் பிரேக்கை எடுத்தால் போதும். மேலே பார்த்து நின்றதை ரிவர்ஸில்தான் உருட்டியாக வேண்டும். பெரியசாமியும் ஜமீலாவும் தள்ள, பின்னால் என்ன இருக்கிறதென்றே தெரியாத பனியில் உருண்டது வண்டி. கிளட்சை விட்டேன், ஒரு குலுக்கு குலுக்கி, சாலையோரப் பள்ளத்தில் பின்பக்கத்தைப் பதித்து உட்கார்ந்துவிட்டது.

“இப்பத்தானுங்க முழுசா மேல பாக்குது” என்றார் பெரியசாமி, தன்னையறியாமல். பிறகு மூட்டையை இறக்கிப் போட்டார். “ஏறுங்க பாய்.”

ஜமீலா அடுத்த பஸ்ஸில் வருவதாகச் சொல்ல, நான் பைக்கில் ஏறினேன். கொண்டை ஊசி வளைவுகளில் அவர் ஏதேதோ பேசிக்கொண்டே வந்தார். பாதி மலை இறங்கியிருப்போம். என் சட்டைப் பையில் போன் அதிர்ந்தது. என் நெஞ்சுக்கும் அவர் முதுகுக்கும் நடுவே அது அதிர்ந்து அதிர்ந்து நின்றது. நிறுத்தட்டுமா என்று அவரும் கேட்கவில்லை. நிறுத்துங்கள் என்று நானும் சொல்லவில்லை.

அக்கா வீட்டு வாசல் நிறையச் செருப்புகள் கிடந்தன.

உள்ளே ஷபானா என்னைக் கட்டிக்கொண்டு, அழுகையும் சிரிப்புமாகச் சொன்னாள்: “வண்டி புடிக்கலையாம், மாமா கெளம்பிட்டாருன்னு சொன்னேன் மாமா. கண்ணத் தொறந்து, ‘மேல பாத்து நிறுத்திருப்பான்’னு சொல்லிச்சு. எல்லாரும் சிரிச்சுட்டோம். அதுவும் சிரிச்சுது. அதோட சரி.”

என் அக்கா கடைசியாகப் பேசிய பேச்சு நான் வண்டியை நிறுத்திய திசையைப் பற்றியது. எங்கள் வீட்டுக் கல்யாணம், காதுகுத்து எதுவானாலும் யாராவது இதை எடுத்துவிடுவார்கள். சிரித்து முடித்ததும் எல்லாரும் கொஞ்ச நேரம் தட்டைப் பார்த்துச் சாப்பிடுவோம்.

மெக்கானிக் ரிலேயை மாட்டிவிட்டார். எந்தக் குளிரிலும் இப்போது ஒரே திருப்பில் எழுகிறது வண்டி. ஆனாலும் கீழே பார்த்துத்தான் நிறுத்துகிறேன். போனில் அக்காவின் கேள்வியை இப்போது ஷபானா கேட்கிறாள்.

“மாமா, வண்டி எந்தப் பக்கம் பாத்து நிக்குது?”

“கீழதான் கண்ணு.”