பூனைக்கண் தூங்கிய கதை

தெரியாததைத் தெரியாது என்று சொல்ல ஒரு நொடி போதும். அந்த ஒரு நொடிக்குக் கஞ்சத்தனம் பார்த்து என் கல்யாணத்தையே தொலைக்கப் பார்த்தவள் நான். அப்போது எனக்குப் பத்தொன்பது வயது. (புத்திக்கு இன்னும் குறைவு.)

எனக்குச் சிங்களம் தெரியும் என்று எங்கள் தேயிலைத் தோட்டம் முழுக்கச் சொல்லி வைத்திருந்தேன். வெற்றிலை விற்க வரும் சிங்கள அம்மாவிடம் நாலு சொல் கற்றிருந்தேன்: வாங்க என்பதற்கு ‘என்ன’, நல்லது என்பதற்கு ‘ஹொந்தாய்’, சரிக்கு ‘ஹரி’, இல்லைக்கு ‘நே’. இந்த நாலையும் மாற்றி மாற்றிப் போட்டு அரை மணி நேரம் பேசுவேன். எங்கள் லயத்தில், அந்த வரிசை வீடுகளில், வேறு யாருக்கும் அதுவும் வராது என்பதால் நான்தான் பண்டிதை.

அந்தச் சமயத்தில் பூண்டுலோயாவிலிருந்து எனக்கு மாப்பிள்ளை அமைந்தது. தோட்டத்து லொறி ஓட்டுகிறவர். பெண் பார்க்க வந்த அன்று, எங்கள் லயத்து முடுக்கில் அவர் லொறியைப் பின்னால் எடுத்த அழகைப் பார்த்தே நான் மனசைக் கொடுத்துவிட்டேன். (முகத்தை அப்புறம்தான் பார்த்தேன்.) பரிசத்தன்று மாப்பிள்ளைக்குக் கல் வைத்த மோதிரம் போடுவதாக அப்பா வாக்குக் கொடுத்திருந்தார். மாப்பிள்ளையின் அம்மா வாக்கு விஷயத்தில் கறார், சகுன விஷயத்தில் அதைவிடக் கறார்.

கல் தயாராக இருந்தது. நோட்டன் பிரிட்ஜ் அணைக்கட்டு வேலையில் இருந்த என் அண்ணனுக்கு, கூட வேலை செய்த சிங்கள நண்பர் ஒருவர் கல்யாணப் பரிசாகக் கொடுத்த பூனைக்கண் கல். ராஜாக்கள் போடுகிற ஜாதி இல்லை, அந்த ஜாதிக்கு ஏழைச் சொந்தம். ஆனாலும் நனைத்து வெயிலில் காட்டினால் உள்ளே ஒரு வெளிச்சக்கோடு ஓடும். அதை வெட்டித் தீட்ட வேண்டும். சிங்களத்தில் பேசி வெட்டக் கொடுக்க அண்ணனுக்கு லீவு கிடைக்கவில்லை.

“நான் எதுக்கு இருக்கேன்? நான் பேசிக்கிறேன்ப்பா” என்றேன்.

தோட்டத்துக்குக் கீழே இருந்த சிங்களக் கிராமத்தில் கல் வெட்டும் பாஸ் ஒருவர் இருந்தார். (தச்சரோ கொத்தரோ, கைத்தொழில் தெரிந்தவர் எங்கள் பக்கம் பாஸ்தான்.) எங்களைக் கண்டதும் “என்ன, என்ன!” என்றார்.

“என்னா புள்ள, வந்ததும் வராததுமா என்ன என்னங்கிறாரு?” என்று அப்பா பின்வாங்கினார்.

“வாங்கன்னு சொல்றாருப்பா” என்றேன். அன்று நான் சரியாக மொழிபெயர்த்தது அது ஒன்றுதான்.

பாஸின் மனைவி தேத்தண்ணியும் ஒரு தட்டு நிறையக் கித்துள் கருப்பட்டியும் கொண்டுவந்து வைத்தார். பாஸ் கல்லை நனைத்தார், வெயிலில் உருட்டினார், ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார், மறுபடி உருட்டினார். பிறகு நீளமாக ஏதோ சொன்னார். நான் கருப்பட்டியை மென்றுகொண்டே “ஹரி, ஹரி” என்றேன். அவர் கல்லின் மேல் விரலால் ஒரு கோடு போட்டுக் காட்டி, என்னைப் பார்த்து,

“திகட்டத?” என்றார்.

நான் விரலைப் பார்க்கவில்லை. தட்டைப் பார்த்தேன். நாலாவது துண்டு அப்போதுதான் வாய்க்குள் போயிருந்தது. ஐயோ, நமக்காகத் தமிழே பேசுகிறாரே, இனிப்புத் திகட்டுகிறதா என்று கேட்கிறாரே என்று மனசு குளிர்ந்துவிட்டது. திகட்டுகிறது என்றால் அந்த அம்மா வருத்தப்படமாட்டாரா?

“நே! நே!” என்று தலையை ஆட்டினேன். “ஹொந்தாய்!”

பாஸின் புருவம் உயர்ந்தது. விரலை வேறு பக்கமாக இழுத்துக் காட்டினார். “ஹரஹட்டத?”

கதிர்காம முருகன் கோயிலுக்கு நடக்கும் சிங்களவர்களும் ‘ஹரோஹரா’ சொல்வார்கள் என்று கேள்விப்பட்டிருந்தேன். சாமி பெயரைச் சொல்லி வேலையைத் தொடங்குகிறார் போலிருக்கிறது என்று இரண்டு கையையும் கூப்பினேன்.

“அரோகரா!”

பின்னாலிருந்து அப்பாவும் கணீரென்று “அரோகரா!” என்றார். பாஸ் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு பாவம், அவரும் கை கூப்பிவிட்டு, கயிறு சுற்றிய வில்லை இழுத்துச் சாணைச் சக்கரத்தைச் சுழற்ற ஆரம்பித்தார்.

அடுத்த வாரம் கல் கைக்கு வந்தது. புளியங்கொட்டையைவிடப் பெரிது. அந்தப் பெருமையில் வேறெதையும் பார்க்காமல் ஹட்டன் ஆசாரியிடம் கொடுத்து மோதிரமாக்கிவிட்டோம்.

பரிசத்தன்று மாப்பிள்ளையின் அம்மா மோதிரத்தை வாசல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். பிடித்தபடியே இருந்தார்.

“பூனைக்கண்ணுன்னு சொன்னீங்க. இது கண்ண மூடிக்கிட்டுல்ல கெடக்கு?”

எல்லாரும் எட்டிப் பார்த்தார்கள். மேலிருந்து கீழாக, விழித்த பூனையின் கண்போல நிற்க வேண்டிய வெளிச்சக்கோடு, குறுக்கே படுத்திருந்தது. சந்தேகமே இல்லை, நல்ல தூக்கம்.

“நல்ல காரியத்துல தூங்குற கண்ணு ஆகாதுங்க. இன்னொரு நாளைக்குப் பேசுவோம்” என்று அந்தம்மா எழுந்தார். இன்னொரு நாள் என்றால் எந்த நாளும் இல்லை என்று லயத்தில் எல்லாருக்கும் தெரியும். அப்பாவின் முகம் வெளுத்துவிட்டது. சாக்குப் படுதாவுக்குப் பின்னால் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தேன். எனக்கு அந்த லொறிக்காரர் வேண்டும், வேறு யாரும் வேண்டாம். வெட்கத்தை விட்டு வெளியே வந்தேன்.

“எம்மேல தப்பில்லீங்க! பாஸ் ஒண்ணுமே கேக்கல!”

“ஒண்ணுமே கேக்கலையா?” கேட்டது மாப்பிள்ளை. அன்றுதான் அவர் முதல் தடவையாக என்னிடம் பேசினார்.

“கருப்பட்டி திகட்டுதான்னு கேட்டாரு. இல்லன்னேன். அப்பறம் சாமி பேரு சொன்னாரு. நானும் அரோகரான்னேன்.”

கண்டி வரை லொறி ஓட்டிச் சிங்களம் தண்ணீர் பட்ட பாடாக வரும் மனிதர் அவர். சிரிப்பில் தூணைப் பிடித்துக்கொண்டார்.

“அம்மா, திகட்டன்னா நீளவாக்குல. ஹரஹட்டன்னா குறுக்க. கண்ண எந்தப் பக்கமா வச்சு வெட்டணும்னு கேட்டிருக்காரும்மா!”

(நீளவாட்டில் கண் வர வேண்டுமானால் பாதிக் கல்லைத் தேய்த்துத் தள்ள வேண்டும், அதனால்தான் கேட்டாராம் என்பது பிறகு தெரிந்தது. நாங்கள் கொடுத்தது பக்திப் பரவசமான சம்மதம்.)

அந்தம்மா சிரிக்கவில்லை. மாப்பிள்ளை மோதிரத்தைத் தன் அம்மாவின் கையிலிருந்து மெல்ல வாங்கி, பக்கவாட்டில் திருப்பி, வெயிலில் பிடித்தார்.

“இப்பப் பாருங்க.”

கோடு நிமிர்ந்து நின்றது.

“அட, முழிச்சிருச்சே!” என்று அந்தம்மா திரும்ப உட்கார்ந்தார். ஆசாரி கல்லைத் திருப்பி வைத்துக் கொடுக்க, அடுத்த மாதமே நான் பூண்டுலோயா போய்ச் சேர்ந்தேன். அன்று தூணைப் பிடித்துச் சிரித்த மனிதரோடு வாழப் பயமே வரவில்லை.

எங்கள் மூத்தவள் இரண்டு மொழியும் நன்றாகப் படித்து, அரசாங்கக் கந்தோரில் மொழிபெயர்ப்பாளராகச் சேர்ந்தாள். முதல் நாள் பஸ் ஏற்றிவிட என்னோடு வந்த அவள் அப்பா, ஜன்னல் வழியாக அவளுக்கு ஒரே ஒரு புத்திமதி சொன்னார். பஸ்ஸில் இருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்க்கும்படி, என்னைக் கடைக்கண்ணால் பார்த்துக்கொண்டே சொன்னார்:

“யாரு எது கேட்டாலும், மொதல்ல வாயில இருக்கறத முழுங்கும்மா. அப்பறம் பதில் சொல்லு.”