எவ்வளவு குடுக்குது?

மனிதர்களில் வண்டி வைத்திருப்பவர்கள் உண்டு, வண்டி இல்லாதவர்கள் உண்டு. இந்த இரண்டிலும் சேராத மூன்றாவது வகை ஒன்று நம் பக்கத்தில் நன்றாகத் தழைத்து வளர்கிறது. வண்டி வாங்கப்போகிறவர். வாங்கியவர் இல்லை. வாங்காதவர் என்று சொல்லிவிட்டால் கோபித்துக்கொள்வார். போன வருஷம் வாங்குவதாக இருந்தார், இந்த வருஷமும் வாங்குவதாக இருக்கிறார், அடுத்த வருஷமும் வாங்குவதாகத்தான் இருப்பார்.

இவரை அடையாளம் காண்பது சுலபம். கடலூர் பாரதி சாலை சிக்னலில் நீங்கள் உங்கள் பாட்டுக்கு வண்டியை நிறுத்திக்கொண்டு, கேஸ் சிலிண்டர் வந்திருக்குமா வந்திருக்காதா என்று யோசித்துக்கொண்டிருக்கும்போது, பக்கத்து வண்டியின் பின்சீட்டிலிருந்து முன்பின் தெரியாத தலை ஒன்று உங்களை நோக்கி நீளும். வணக்கம் கிடையாது, யார் எவர் என்ற விசாரிப்பும் கிடையாது.

"எவ்வளவு குடுக்குது?"

லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் என்று கேட்கிறார். நீங்கள் நாற்பது என்றால் உங்களுக்காகப் பரிதாபப்படுவார். அறுபது என்றால் நம்பமாட்டார். அதற்குள் பச்சை விழுந்துவிடும். உங்களை மறுபடி அவர் பார்க்கப்போவதில்லை. ஆனால் அன்று சாயங்காலத்துக்குள் நாலு பேரிடம் உங்கள் வண்டியைப் பற்றிக் குறை சொல்லி முடித்திருப்பார்.

உதாரணத்துக்கு ஒருவரை எடுத்துக்கொள்வோம். சிற்றம்பலம். மஞ்சக்குப்பத்தில் வீடு, சிதம்பரத்தில் ஒரு தனியார் கல்லூரியின் அலுவலகத்தில் வேலை. அதே அலுவலகத்தில் வேலை பார்க்கும் நண்பர் விஜயகுமாரின் பழைய வண்டியில் தினமும் பின்னால் உட்கார்ந்து போய் வருவார். அந்த வண்டியின் சீட்டு நீளமாக, தட்டையாக, பெஞ்சு மாதிரி இருக்கும். விஜயகுமாரும் வண்டியும் நாற்பதுக்கு மேல் போனதில்லை. அதனால் காலையில் பழைய டவுனைத் தாண்டும்போது ஆரம்பித்த பேச்சு, ஆலப்பாக்கத்தில் டீக்கு இறங்கி ஏறி, வெள்ளாற்றுப் பாலம் கடந்து, சிதம்பரம் போய்ச் சேருகிற வரைக்கும் அறாமல் போகும். பேச்சு வேறென்ன? சிற்றம்பலம் வாங்கப்போகிற வண்டி.

அவர் அப்படி ஒன்றும் பெரிதாக ஆசைப்பட்டுவிடவில்லை. "டெய்லி ஆபீஸ் போவறதுக்கும் ஆவணும், ஓட்டுனா மனசுக்கும் சந்தோஷமா இருக்கணும். அவ்ளோதான் மச்சான்." கேட்க எவ்வளவு நியாயமாக இருக்கிறது? ஆனால் உள்ளே போய்ப் பாருங்கள். பண்ருட்டியில் ஒரு முழுப் பலாப்பழத்தை வாங்கி டேங்க்கின் மேல் வைத்தால் வீடு வரைக்கும் உருளாமல் வர வேண்டும். அதே வண்டியில் ஞாயிற்றுக்கிழமை சில்வர் பீச்சில் போய் இறங்கினால் நாலு பேர் திரும்பிப் பார்க்கவும் வேண்டும். சத்தம் கம்பீரமாக இருக்க வேண்டும், பெட்ரோல் குடிக்கக் கூடாது. மனைவி சேலையோடு ஏற உயரம் குறைவாக இருக்க வேண்டும், வேகத்தடையில் அடி தட்டாமல் இருக்க உயரம் ஜாஸ்தியாகவும் இருக்க வேண்டும். பலாப்பழம் நிற்கிற டேங்க் உள்ள வண்டியை நாலு பேர் பார்க்கமாட்டார்கள். நாலு பேர் பார்க்கிற வண்டியில் பலாப்பழம் நிற்காது. இதற்கு நடுவில் சிற்றம்பலம் நிற்கிறார்.

வண்டி வாங்க அவரிடம் மாதமும் இல்லை. ஆடியில் வாங்கக் கூடாது. ஆவணிச் சம்பளம் கல்யாண மொய்யிலேயே போய்விடும், புரட்டாசியில் மகாளயம் குறுக்கே நிற்கும். ஐப்பசி, கார்த்திகையில் புது வண்டியை யாராவது மழையில் இறக்குவார்களா? மார்கழி ஆகாது. அதோடு மார்கழியில் வாங்கினால் நாலு நாளில் வருஷம் மாறி வண்டிக்கு ஒரு வயது கூடிவிடும். தையில் ஊரே வாங்குகிறது, கூட்டத்தில் நிற்க முடியாது. மாசி பிறந்ததும் ஏதாவது ஒரு கம்பெனிக்காரன் புது மாடல் விடப்போவதாக அறிவித்துவிடுவான், அது வருகிற வரைக்கும் பொறுக்க வேண்டாமா? பொறுத்துப் பார்த்தால் மறுபடி ஆடி.

ஆயுத பூஜை அன்று பார்க்க வேண்டும் இவரை. விஜயகுமாரின் வண்டியை இவர்தான் கழுவுவார், ஸ்போக் ஸ்போக்காகத் துடைப்பார், சந்தனம் குங்குமம் வைப்பார், மாலை போடுவார், சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழமும் வைப்பார். ஏறி நசுக்குவது மட்டும் விஜயகுமார்.

தான் வாங்காவிட்டாலும் ஊருக்கு வாங்கிக் கொடுப்பதில் குறை வைக்கமாட்டார். மச்சினன், வீட்டு ஓனர், அலுவலக வாட்ச்மேன் எல்லோரும் இவர் சொன்ன வண்டியில்தான் போகிறார்கள். எத்தனை வீடியோ பார்த்திருக்கிறார்! ராத்திரி சாப்பாட்டுத் தட்டுக்கு எதிரே செல்போனை நிறுத்தி வைத்துக்கொண்டு, யாரோ ஒருத்தன் இமயமலையில் வண்டி ஓட்டுவதைப் பார்த்தபடி ரசம் சாதம் பிசைந்து சாப்பிடுவார். மனைவி ஜோதிலட்சுமி அப்பளம் வைத்ததும் தெரியாது, எடுத்ததும் தெரியாது.

இந்த நேரத்தில்தான் விஜயகுமாரின் பழைய வண்டி பி.முட்லூர் பக்கத்தில் நின்றது. இனி செலவு செய்யாதீர்கள் என்று மெக்கானிக் கையை விரித்துவிட்டார்.

"எனக்கு ஒண்ணும் தெரியாது மச்சான். நீ இன்னா வண்டி சொல்றியோ அதையே எடுத்துடறேன்" என்றார் விஜயகுமார்.

சிற்றம்பலத்துக்கு வேறென்ன வேண்டும்? விஜயகுமார் பாவம், பழசு மாதிரியே ஒன்று கிடைத்தால் போதும் என்றுதான் இருந்தார். இவர் விடவில்லை. "ஆபீஸ் போவறதுக்குன்னே ஒரு வண்டியா? ஓட்டறதுக்குன்னு ஒண்ணு வாங்கு மச்சான். மனுசனுக்கு ஒரு சந்தோஷம் வேணாமா?" எஞ்சின் பார்த்தார், பிரேக் பார்த்தார், டயரை அமுக்கிப் பார்த்தார், பகலிலேயே ஹெட்லைட்டைப் போட்டுப் பார்த்தார். கறுத்துப் பளபளத்து, பாயத் தயாராக முன்பக்கம் குனிந்து நிற்கிற வண்டி ஒன்றை விஜயகுமார் வாங்கினார். சிற்றம்பலம் அதில் எல்லாவற்றையும் பார்த்தார். பின்சீட்டை மட்டும் பார்க்கவில்லை. வீடியோவில் வருகிறவர்கள் யாரும் பின்னால் உட்காருவதில்லை அல்லவா?

திங்கட்கிழமை காலையில் ஏறினார். சீட்டு என்று சொல்லப்பட்டது இரண்டு உள்ளங்கை அகலத்தில், வாழைப்பழத்தின் நுனி மாதிரி வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. பிடித்துக்கொள்ளக் கம்பி இல்லை. ஒவ்வொரு பிரேக்குக்கும் சறுக்கி விஜயகுமாரின் முதுகில் போய் ஒட்டிக்கொண்டார்.

"மச்சான், கொஞ்சம் பின்னாடி தள்ளி ஒக்காரு."

"பின்னாடின்னு ஒண்ணு இல்ல மச்சான்."

சிதம்பரத்தில் இறங்கியவரால் உடனே நிமிர முடியவில்லை. மேனேஜர் அதை மரியாதை என்று எடுத்துக்கொண்டார்.

முதுகு வலியைக்கூட அவர் பொறுத்துக்கொண்டிருப்பார். அவருக்கு உண்மையிலேயே வலித்தது வேறு. புது வண்டி எண்பதில் போகிறது. விஜயகுமார் முகத்தை முழுக்க மூடுகிற ஹெல்மெட் வாங்கிவிட்டார். இவர் பேசுவதெல்லாம் காற்றில் போகிறது. ஆலப்பாக்கத்தில் டீக்கு நிறுத்துவதும் நின்றுபோயிற்று. இத்தனை வருஷமாகத் தான் அனுபவித்து வந்தது அந்தப் பேச்சைத்தான் என்று அவருக்கே அப்போதுதான் தெரிந்தது. ஒரு வாரம் பஸ்ஸில் போய்ப் பார்த்தார். நின்றுகொண்டே போய், நின்றுகொண்டே வந்தார். பக்கத்தில் நிற்கிறவரிடம் என்ன கேட்பது? பஸ் எவ்வளவு குடுக்குது என்றா?

முதுகுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டே ஜோதிலட்சுமி கேட்டார். "ஊருக்கெல்லாம் வண்டி சொன்னீங்க. நமக்கு ஒண்ணு சொல்ல மாட்டீங்களா?"

"தை பொறக்கட்டும்னு பாக்கறேன்."

"இந்த முதுவு தை வரைக்கும் தாங்காதுங்க. நாளைக்குக் கெளம்புங்க, நானும் வரேன்."

அது ஆடி மாதம். அதைச் சொல்ல வாயெடுத்தார். ஜோதிலட்சுமி தைலத்தைக் கொஞ்சம் அழுத்தித் தேய்த்தார். வாய் மூடிக்கொண்டது.

ஷோரூமில் கனிமொழி என்ற பெண் விற்பனைப் பிரிவில் இருக்கிறார். சிற்றம்பலத்தை அவருக்கு நன்றாகத் தெரியும். மற்றவர்கள் வந்தால் விலைப் பட்டியல் கொடுப்பார், இவர் வந்தால் டீ கொடுப்பார். அன்றைக்கு ஜோதிலட்சுமியும் கூட வந்திருப்பதைப் பார்த்ததும் டீயை நிறுத்திவிட்டுச் சாவியை எடுத்தார்.

"சார், நீங்க பாக்கறதெல்லாம் பாத்துட்டீங்க. ஒரு தடவ ஓட்டிப் பாத்துடுங்க."

வண்டி வாசலில் வந்து நின்றது. சிற்றம்பலம் அதை ஒரு சுற்றுச் சுற்றினார். டயரை அமுக்கினார். டேங்க்கின் மேல் இரண்டு கையையும் குவித்துப் பலாப்பழம் நிற்குமா என்று பார்த்தார். பிறகு ஒரு முடிவுக்கு வந்தவராகக் காலைத் தூக்கிப் போட்டு ஏறி உட்கார்ந்தார்.

பின்சீட்டில்.

உட்கார்ந்து, கையை முழங்காலில் வைத்துக்கொண்டு, வண்டி கிளம்பக் காத்திருந்தார். கனிமொழியும் காத்திருந்தார். ஷோரூம் வாட்ச்மேன் கேட்டைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றார்.

"முன்னாடி யாருங்க வரப்போறாங்க?" என்று ஜோதிலட்சுமி கேட்டார்.

அந்த இடத்தில் அவர் மேல் எனக்கு இரக்கம் வந்துவிடுகிறது. நாக்கைக் கடித்துக்கொண்டு முன்னால் நகர்ந்தார். நடுவில் இரண்டு தடவை எஞ்சின் நின்றது. பிறகு பீச் ரோடு பக்கம் போனவர் வெகுநேரம் வரவில்லை. கனிமொழிக்குக் கவலையாகிவிட்டது. திரும்பி வந்தபோது தலைமுடி கலைந்திருந்தது, சட்டை மேல் பட்டன் கழன்றிருந்தது, முகத்தில் சிரிப்பு. எவ்வளவு குடுக்கும் என்று கேட்க மறந்தேபோனார். ஜோதிலட்சுமி பின்னால் ஏறி உட்கார்ந்து ஒரு தடவை ஆடிப் பார்த்து, "பின்னாடி நல்லா இருக்கு, இதுவே போதும்" என்றார். இத்தனை வருஷக் குழப்பம் அந்த ஒரு வாக்கியத்தில் முடிந்தது.

இதோடு இந்த வகையில் ஒருவர் குறைந்துவிட்டார் என்று சந்தோஷப்படாதீர்கள். ரெண்டே மாதத்தில் விஜயகுமாருக்குக் கழுத்து வலி வந்தது. குனிந்தே ஓட்டுகிற வண்டி அல்லவா? அதை ஞாயிற்றுக்கிழமைக்கு என்று ஒதுக்கி வீட்டில் நிறுத்திவிட்டு, இப்போது சிற்றம்பலத்தின் பின்னால் உட்கார்ந்துதான் சிதம்பரம் போகிறார். வண்டி நாற்பதில் போகிறது. ஆலப்பாக்கத்தில் டீ உண்டு. பேச்சு பழையபடி அறாமல் ஓடுகிறது.

போன வாரம் சிக்னலில் என் பக்கத்தில்தான் இருவரும் வந்து நின்றார்கள். பின்சீட்டிலிருந்து விஜயகுமாரின் தலை என் வண்டியை நோக்கி நீண்டது. "எவ்வளவு குடுக்குது? கையில இருக்கறத தள்ளிட்டு, டெய்லி ஆபீசுக்கும் ஆவறமாதிரி, ஓட்டுனா மனசுக்கும் சந்தோஷமா இருக்கறமாதிரி ஒண்ணு பாத்துனு இருக்கேன்" என்றார். எனக்கு அப்போதுதான் புரிந்தது. குற்றம் ஆளிடத்தில் இல்லை, பின்சீட்டில் இருக்கிறது.

நீங்கள் இந்த வகை இல்லை என்கிறீர்களா? நல்லது. சிற்றம்பலம் கடைசியில் வாங்கிய வண்டி எது, எத்தனை சிசி, எவ்வளவு குடுக்குது என்று நான் இதுவரை எங்கேயும் சொல்லவில்லை. அது உங்களுக்கு ஒரு குறையாகவே தோன்றவில்லை என்றால் நீங்கள் தப்பித்தீர்கள். ஒருவேளை விட்டுவிட்டோமோ என்று கண் மேலே போய்த் தேடிப் பார்த்ததா? அப்படியானால் பெயரைச் சொல்லிவிடுகிறேன். ஆனால் அவசரப்பட்டு வாங்கிவிடாதீர்கள். அடுத்த மாதம் அதிலேயே புதுசு ஒன்று வருகிறதாம், கொஞ்சம் பொறுத்துப் பார்க்கலாமே.