கூரையில் ஓர் ஓட்டை, கணினியில் மட்டும்

நாட்டின் காற்றைத் தூய்மைப்படுத்தும் உயரிய நோக்கத்துடன், ஹைட்ரஜன் பேருந்துகளைப் பழுதுபார்க்க மலேசியாவின் கிள்ளானில் ஒரு பட்டறை கட்டப்பட்டது. பேருந்துகள் இன்னும் வரவில்லை. திறப்பு விழாத் தேதி மட்டும் வந்துவிட்டது.

உள்ளே குழாய் கசிந்தால் வாயு எங்கே போகும், காற்றோடு எப்படிக் கலக்கும் என்று கணினியில் கணக்கிட்டுச் சொல்வது கௌசல்யாவின் வேலை. வாயு மேலே போய்க் கூரையடியில் தேங்கும், அப்புறம் ஒரு தீப்பொறி போதும் என்றது கணக்கு. கூரை உச்சியில் ஒரு திறப்பு வைத்தால் அதுபாட்டுக்கு வெளியேறிவிடும். இதைச் சொல்ல அவள் பிரிக்பீல்ட்ஸ் அலுவலகத்தில் இயக்குநர் முகுந்தன் முன் போய் நின்றாள்.

"புதுக் கூரையில ஓட்டை போடச் சொல்றியாம்மா? மழை பெஞ்சா?"

"தண்ணி வராம மேல மூடி வெச்சுக்கலாம் சார். மெக்கானிக் தம்புசாமி அண்ணனும் ஆளுங்களும் நாள் முழுக்க உள்ளதானே இருக்கப் போறாங்க."

"ஓட்டைக்கு அனுமதி வாங்க, ஓட்டை வேலை செய்யுதுன்னு காட்டணும். காட்டணும்னா ஓட்டை இருக்கணும். இருந்தா, அனுமதி இல்லாம போட்ட குத்தம் லா."

முகுந்தன் நல்ல மனிதர், யாரையும் வெறுங்கையோடு அனுப்ப மாட்டார். "ஒண்ணு செய். கம்ப்யூட்டர்ல ஓட்டை போட்டுக்கோ. அதுக்கு நானே அனுமதி தரேன்."

அவ்வண்ணமே போடப்பட்டது. பட்டறை பாதுகாப்பானதென அறிவிக்கப்பட்டது. கௌசல்யா விடவில்லை. நேரில் சோதித்தே ஆக வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றாள். சரி போகட்டும் என்று, ஹைட்ரஜனைப் போல லேசான, ஆனால் தீப்பிடிக்காத ஹீலியத்தைப் பட்டறைக்குள் திறந்துவிட்டார்கள். கருவியில் அளவு ஏறியது, பிறகு மளமளவென்று இறங்கியது. வாயு போயே போய்விட்டது.

"பாத்தியா, உன் கம்ப்யூட்டர் ஓட்டை வேலை செய்யுது," என்றார் முகுந்தன். எல்லாரும் கைதட்டினார்கள்.

கௌசல்யா அண்ணாந்து பார்த்தாள். தகடுகள் சேரும் உச்சியில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை வானம் தெரிந்தது. கணினி வரைபடத்தை நம்பியது, கூரை போட்ட கொன்ட்ரெக்டரோ வரைபடத்தைப் பார்க்கவே இல்லை. பாதி ஆணியை மிச்சம் பிடித்த அந்த மகராசன் நன்றாக இருக்கட்டும் என்று மனதார வாழ்த்தினாள். இதை யாரும் தொடாமல் விட்டால் தம்புசாமி பத்திரமாக வீடு போய்ச் சேருவார். நிம்மதியில் அவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

மறுவாரம் வந்தபோது வானத்தைக் காணோம். உச்சி முழுக்கப் பசை பூசி அடைத்திருந்தார்கள்.

"யாருண்ணே இதை அடைக்கச் சொன்னது?"

"நீங்கதானே மேடம்," என்றார் தம்புசாமி. "போன மாசம் அளவெடுக்க வந்தப்ப, லேப்டாப் மேல மழை ஒழுகுதுன்னு வாட்சாப் குரூப்புல போட்டோ போட்டீங்களே. நாங்களும் எத்தனை தடவை சொன்னோம், யாரும் கேக்கல. உங்க புகாருன்னதும் ஒரே மாசத்துல ஆள் வந்துருச்சு. இப்பதான் காஞ்ச தரையில நிக்கிறோம், ரொம்ப நன்றி."

அந்த அலுவலகம் நடவடிக்கை எடுத்த முதல் புகார் அதுதான். முகுந்தன் குரூப்பிலேயே அவளைப் பாராட்டியிருந்தார்.

கௌசல்யா அங்கேயே நின்று குரூப்பில் புதுப் புகார் ஒன்றைத் தட்டினாள்: "திங்கட்கிழமை பேருந்து வருவதற்குள், அடைத்த கூரையைத் தயவுசெய்து மறுபடியும் பிரித்துவிடவும்."

அலுவலகமே விழுந்து விழுந்து சிரிக்கும் முகங்களைப் போட்டது. முதலில் போட்டவர் தம்புசாமி.