நான் தலையிடவில்லை, தோசையைப் பற்றி மட்டும் சொல்கிறேன்

ஜீவனஹள்ளி, பெங்களூர்
12-5-2002

டல்லாஸ் மாநகரைத் தன் ஒற்றைக் கம்ப்யூட்டரால் தாங்கி நிற்கும் என் அக்கா மகள் செல்வி தாரணிக்கு, ஜீவனஹள்ளி மூன்றாம் குறுக்குத் தெருவின் முடிசூடா மன்னனும் உன் தாய்மாமனுமாகிய கணேசமூர்த்தி அநேக ஆசீர்வாதங்களுடன் எழுதுவது. இங்கே நானும் உன் காந்தா அத்தையும், என் இடது முழங்காலைத் தவிர்த்து, நலம். உன் உடம்பு, உன் சளி, உன் சமையல் மூன்றுக்கும் தனித்தனியே பதில் போடவும்.

உன் கடிதம் கிடைத்தது. கம்பெனியில் இன்னும் ரெண்டு வருஷம் இருக்கச் சொல்கிறார்கள், மாசக் கடைசிக்குள் கையெழுத்துப் போடணும், "என்ன மாமா செய்யட்டும்?" என்று கேட்டிருக்கிறாய். நான் இதில் தலையிட மாட்டேன். தலையிட்டால் என் மீசையை எடுத்துக்கொள். நீ எங்களோடு இருந்து பொம்மனஹள்ளிக்கு வேலைக்குப் போன மூணு வருஷமும், ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரு புது இடம் என்று மூணு பேரும் சுற்றினோமே, அந்தத் திருப்பணியை நான் விடவில்லை. அதன் விவரத்தை, வெறும் செய்தியாக, உன் பார்வைக்கு வைக்கிறேன்.

காந்தி பஜாருக்குப் பின்னால் ஒரு சந்தில் புதுசாக ஓட்டல் ஒன்று, நின்றுகொண்டே சாப்பிடுகிற வகை. அங்கே போடும் வெண்ணெய் தோசை இருக்கிறதே, அதை விண்டால் கேட்கிற மொறுமொறுப்பில் மைசூரில் தூங்குகிறவர்கள் எழுந்து உட்காருகிறார்கள். வெண்ணெய் வழிந்து சந்தே வழுக்கி, போன வாரம் ஒரு லாரி தானாகவே கல்லாப்பெட்டி வரைக்கும் வந்து நின்றது, டிரைவரும் "வந்தது வந்துட்டோம்" என்று ரெண்டு தோசை சொன்னார். நான் மூணை முடித்துவிட்டு ஏப்பம் விடுவதற்குள் இந்த வாய் தன் பாட்டுக்கு "ஒரு பை-டூ காபி" என்று சொல்லித் தொலைத்தது. சப்ளையர் கிருஷ்ணப்பா ஒரு காபியை ரெண்டு டம்ளரில் பாதிப் பாதியாக ஊற்றிக் கொண்டுவந்து வைத்தார். என் பக்கத்தில் பார்த்தார். யாரும் இல்லை.

"இன்னொருத்தர் எல்லி, எங்கே சார்?"

"கை கழுவப் போயிருக்கா."

பத்து நிமிஷம் கழித்துத் திரும்பி வந்தார். "இன்னுமா கழுவுறாங்க? கையா, யானையா சார்?"

"நீ உன் வேலையப் பாருப்பா" என்று அதட்டிவிட்டு ரெண்டையும் நானே குடித்தேன். முதல் டம்ளர் அமிர்தம். ரெண்டாவது ஆறிப்போயிருந்தது. அடுத்த வாரம் ரொம்ப ஜாக்கிரதையாகப் போய், ரொம்ப ஜாக்கிரதையாக அதையே சொன்னேன். இப்போதெல்லாம் கிருஷ்ணப்பா ஒன்றும் கேட்பதில்லை. ரெண்டாவது டம்ளர் மேல் ஒரு சாசரைக் கவிழ்த்து மூடி வைத்துவிட்டுப் போகிறார்.

ராமநவமிக் கச்சேரிப் பந்தலுக்கும் போனேன். வித்வான் ஆலாபனையைத் தொடங்கும்போது எனக்கு அரை நரை, முடிக்கும்போது முழு நரை. வழக்கம்போலப் பக்கத்து நாற்காலியில் கர்சீப்பைப் போட்டு வைத்திருந்தேன். ஒரு அம்மாள் வந்து, "யாருக்கு சார் இடம்?" என்றாள். "எங்க பொண்ணுக்கு." "எப்ப வருவா?" "மாசக் கடைசில தெரியும்ங்க." அந்த அம்மாள் கர்சீப்பை நாலாக மடித்து என் கையில் கொடுத்துவிட்டு உட்கார்ந்துகொண்டாள். கடைசிவரை தாளத்தைத் தப்பாகவே போட்டாள். கண்ணை மூடிக்கொண்டால் நீதான்.

நந்தி மலைக்கு உன் அத்தையும் வந்தாள், விடிகாலை பஸ். மேகத்தைக் கையால் ஒதுக்கித்தான் நடக்க முடிந்தது, கொஞ்சம் என் சட்டைப்பையில் புகுந்து வீடுவரைக்கும் வந்து, ரெண்டு நாள் கொடியில் துணி காயவில்லை என்றால் பார்த்துக்கொள். பாறைமேல் உட்கார்ந்து பையைத் திறந்தால் மூணு பொட்டலம் புளியோதரை. நான் அவளைப் பார்த்தேன். அவள் மலையைப் பார்த்தாள். அதற்குள் ஒரு குரங்கு வந்து மூணாவதைத் தூக்கிக்கொண்டு போய்விட்டது. மீட்டருக்கு மேலே கேட்ட ஆட்டோக்காரனைக் கண்டோன்மெண்ட் ஸ்டேஷன்வரை விரட்டின பெண்மணி, குரங்கை ஒரு வார்த்தை சொல்லவில்லை. "விடுங்க, யாராச்சும் சாப்பிடட்டும்" என்றாள்.

ஆகவே செய்தி இவ்வளவே. கப்பன் பார்க் மரங்கள் உன்னை விசாரித்தன. நீ வந்தால் போக வேண்டிய இடங்கள் இன்னும் நாற்பத்தேழு இருக்கின்றன. நான் தலையிடவில்லை, எண்ணிக்கையை மட்டும் சொன்னேன்.

எட்டுத் திக்கும் உன் பேர் சொல்ல வாழ்த்தும்,
மாமா கணேசமூர்த்தி

பி.கு.: கவரை ஒட்டப் போகும்போது உன் அம்மா போன் பண்ணினாள். நேற்றே கையெழுத்துப் போட்டுவிட்டாயாமே. ரொம்ப நல்ல காரியம். மூணு நாள் எழுதினதைக் கிழிக்கக் கை வரவில்லை, அதனால் அனுப்புகிறேன், ஆனால் மேலே உள்ள ஒன்றையும் நம்பாதே. அந்தத் தோசை வெறும் தோசைதான், ஓரமெல்லாம் கருகல். கச்சேரியில் பாதி நேரம் கரண்ட் இல்லை. நந்தி மலையில் பனியைத் தவிர ஒரு மண்ணும் தெரியவில்லை. ஊரே முன்ன மாதிரி இல்லம்மா, நீ எதையும் தவற விட்டுவிடவில்லை. அங்கே ஞாயிற்றுக்கிழமை எங்கே போகிறாய், என்ன சாப்பிடுகிறாய், யார் கூட வருகிறார்கள், அதையெல்லாம் எழுது. கொஞ்சம் கூட்டியே எழுது.