என் சுருக்கங்களைத் திருப்பித் தரக் கோருவது

அன்புவழிபுரம்,
திருகோணமலை.
ஆவணி 2007

வடதுருவத்துக்கு இரண்டு பஸ் தரிப்பு இப்பால், பனிக்குள் புதைந்த பல்கலைக்கழகம் ஒன்றில் பதார்த்த விஞ்ஞானம் ஆராயும் அருமை மருமகள் ஞானமணிக்கு, திருகோணமலைத் துறைமுகத்தின் முன்னாள் பெயின்ற் மேற்பார்வையாளரும், இந்து சமுத்திரத்தில் மிதந்த கப்பல்களில் பாதிக்கு நிறம் கொடுத்தவருமாகிய உன் தாய்மாமன் இரத்தினசிங்கம் எழுதிக்கொள்வது. இங்கு நானும் மாமியும் உன் தம்பி சோமசேகரமும் உயிரோடு இருக்கிறோம். இந்த ஊரில் இப்போது நலம் என்ற சொல்லுக்கு அதுதான் அர்த்தம் ஆகையால் மேற்கொண்டு விசாரிக்கத் தேவையில்லை. அங்கே நீயும் உன் அம்மாவும் உறைந்துபோகாமல் இருக்க வேண்டுமென்று கோணேசரிடம் சொல்லி வைத்திருக்கிறேன். ஆனால் அவர் பிறந்தது முதல் வெயிலில் நிற்பவர். குளிர் விஷயத்தில் அவருக்கு எவ்வளவு அனுபவம் என்று எனக்குத் தெரியாது.

நிற்க. நீ அனுப்பிய இரண்டு ரியூப்புகளையும் பாவித்துப் பார்த்து அபிப்பிராயம் எழுதச் சொல்லியிருந்தாய். எழுதுகிறேன். வாசித்து முடிக்கும்வரை அருகில் தண்ணீர் வைத்துக்கொள்.

முதலில் உன் விஞ்ஞானம் எனக்கு விளங்கியதா என்று பார். தோலும் ஒரு பதார்த்தம், இறப்பர், லொறி மூடுகிற படங்கு மாதிரி. அதற்குள்ளே ஒரு வலை இருக்கிறது. வயது போகப் போக வலைக்கண் தளர்ந்து, இழுத்தால் திரும்பி வராது. பரீட்சிப்பதற்குப் புறங்கையைக் கிள்ளிப் பார்க்கச் சொன்னாய். கிள்ளினேன். பிறகு தேத்தண்ணி குடித்து, பேப்பர் வாசித்து, ஒரு குட்டித் தூக்கமும் போட்டு எழும்பிப் பார்த்தால் கிள்ளின இடம் அகதி முகாம் கூடாரம் மாதிரி அப்படியே நிற்கிறது. இதற்குப் பரிகாரமாக முதலாம் ரியூப்பில் ஏதோ பொலிமர், இரண்டாம் ரியூப்பில் அதை இறுக வைக்கிற சாமான். ஒன்றன்மேல் ஒன்று பூசினால் கண்ணுக்குத் தெரியாத இரண்டாம் தோல் ஒன்று முகத்திலேயே உண்டாகி, பழைய தோலை இழுத்துப் பிடித்து, ஈரத்தைப் போகவிடாமல், வெயிலையும் தடுக்கும். பிள்ளை, இதையேதான் நான் முப்பது வருஷம் இரும்புக்குச் செய்தனான். இவ்வளவு தூரம் பறந்து, இவ்வளவு படிப்புப் படித்து நீ போய்ச் சேர்ந்த இடம் உன் மாமனுடைய பெயின்ற் கொட்டில். மெத்தச் சந்தோஷம்.

ஆனால் என் முகம் இங்கே என்ன உத்தியோகம் பார்க்கிறது என்பது உனக்குத் தெரியாது. நீ போன பிறகு கிடைத்த பதவி. இருபது இருபத்தைந்து வயதுப் பொடியன் தனியாக ஊரைவிட்டு வெளிக்கிட்டால் சோதனைச் சாவடியில் ஓரமாக இருத்தி வைத்துவிடுவார்கள். எங்கே போகிறாய், ஏன் போகிறாய், போகாவிட்டால் என்ன என்று கேட்டு முடிக்கப் பொழுது பட்டுவிடும். சில பேருக்கு அதற்குப் பிறகும் முடியாது. பக்கத்தில் ஒரு கிழவன் தள்ளாடிக்கொண்டு வந்தால் கதை வேறு. கிழவனைப் பார்த்து, பொடியனைப் பார்த்து, சரி போங்கோ என்று விடுவார்கள். ஆகவே அன்புவழிபுரத்தில் ஆருக்குப் பயணம் என்றாலும் என்னை இரவல் கேட்டு வருவினம். பக்கத்து வீட்டுத் தம்பிராசாவின் மூன்று பொடியன்களையும் அவர்களைப் பெற்ற தம்பிராசாவைவிட நான்தான் கூடுதலாக மகன் என்று சொல்லியிருக்கிறேன். ஓட்டோக்கார முனாப்பின் தம்பிக்கு ஒருமுறை வாப்பாவாகவும் இருந்தனான். என் நெற்றியில் உள்ள கோடுகளைப் பார்த்தால் இராணுவத்தின் சிங்க றெஜிமெண்டே எழும்பி இடம் விடும். படியே இல்லாத இடத்திலும் படி ஏறுகிற முனகல், நெஞ்சுக்குள் லொறி ஓடுகிற இருமல், எல்லாம் என்னிடம் உண்டு. சாவடியில் நிற்கிற ஆமிப் பொடியன்கள் என்னைச் 'சீயா' என்பார்கள். தாத்தா என்று அர்த்தம். சீயாமார் இடப்பக்கத்தால் நேரே போய் பஸ் ஏறலாம். மற்ற ஆக்கள் வலப்பக்கம்.

இப்படி இருக்கையிலேதான் சோமுவுக்குத் தூதரகத்தில் நேர்முகம் என்று நாள் வந்தது. உன்னிடம் வந்து சேருவதற்கு அவனுக்கு இருக்கிற ஒரே வழி அது. உன் அம்மா என்னிடம் கையளித்துவிட்டுப் போன பிள்ளையைக் கொழும்புக்குக் கூட்டிக்கொண்டு போவது என் பொறுப்பு. நான் யோசித்தேன். அங்கே வெள்ளைக்கார அதிகாரி பிள்ளையை மட்டுமா பார்ப்பான், கூட வந்த குடும்பத்தையும் பார்ப்பான்தானே. இப்படி உலர்ந்த மாமனோடு போனால், இவர்கள் எங்கள் நாட்டுக்கு வந்து ஆஸ்பத்திரியில்தான் படுப்பார்கள் என்று நினைத்துவிட்டால்? உன் ரியூப் ஞாபகம் வந்தது. கடுகளவு எடுத்துக் கண்ணுக்குக் கீழே மட்டும் பூசவும் என்று நீ எழுதியிருந்தாய். அதை வாசித்து எனக்குச் சிரிப்பு வந்தது. உலகத்தில் எந்தப் பெயின்ற் வேலை ஒரு பூச்சில் முடிஞ்சிருக்கு? முதலில் மேற்பரப்பைத் தயார்ப்படுத்த வேணும். தேங்காய்ப் பொச்சு நாரால முகத்தை உரஞ்சி, தேசிக்காய்ப் புளி விட்டுத் துடைச்சு, காயவிட்டு, சின்னப் பிறஷ் ஒண்டு எடுத்து, கழுத்தில இருந்து நெற்றி மட்டும் மூண்டு பூச்சு. ஒவ்வொரு பூச்சுக்கும் இடையில விசிறி. நீர்மட்டத்துக்குக் கீழ, அதாவது தாடைக்கு அடியில, நாலு.

பிள்ளை, உன் சாமான் வேலை செய்யுது. அதிலதான் பிரச்சினையே. விடியக் கண்ணாடியில பார்த்தன், ஆரோ ஒருத்தன் என்ர சறத்தைக் கட்டிக்கொண்டு நிக்கிறான். நாப்பது வயசு. அழகன். மாமி குசினிக்குள்ளால தேத்தண்ணியோட வந்தவ, கோப்பையை மேசையில வைச்சுப்போட்டு என்னைச் சுத்தி வந்து பார்த்தா. பிறகு சொன்னா: "இஞ்சாருங்கோ, இந்த மூஞ்சியோட என்ர பக்கத்தில நடக்காதேங்கோ. ஆக்கள் என்னை உங்கட அம்மா எண்டு நினைப்பினம்." முனாப் ஓட்டோவோட வந்து, ஐயா வரேல்லையா எண்டு என்னட்டயே கேட்டான். நான்தான் ஐயா எண்டன். அவன் சோமுவைப் பார்த்தான். சோமு தலையை ஆட்டினான். பஸ் நிலையம் போகுமட்டும் முனாப் றோட்டைப் பார்க்கேல்ல, கண்ணாடியில என்னைத்தான் பார்த்துக்கொண்டு ஓடினவன்.

சாவடியில பஸ்ஸை நிப்பாட்டி எல்லாரையும் இறக்கிச்சினம். நான் வழக்கம்போல முதுகை வளைச்சு, இருமி, இடப்பக்கம் திரும்பினன். ஒரு ஆமிப் பொடியன் துவக்கால மறிச்சான்.

"மல்லி, அந்தப் பக்கம்."

மல்லி எண்டால் தம்பி. பிறந்து அறுபத்தாறு வருஷத்துக்குப் பிறகு எனக்கு அந்த மரியாதை கிடைச்ச இடத்தைப் பார். அடையாள அட்டையை எடுத்து நீட்டினன். அதில உள்ள படம் நான் கலியாணத்துக்கு முதல் பிடிச்சது. இவ்வளவு காலமும் அந்தப் படத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துப் பெருமூச்சு விட்டுத்தான் தருவாங்கள். அண்டைக்குத்தான் முதல்முதலாப் படமும் முகமும் அச்சொட்டாப் பொருந்தினது. அதுதான் பிழையாப் போச்சு. இலக்கம் நாப்பத்தொண்டில தொடங்குது, நாப்பத்தொண்டில பிறந்தவனுக்கு இந்த மூஞ்சி இருக்க ஏலாது. "இது உங்கட அப்பாட காட்?" எண்டான். இல்லை மகன், என்ரதான் எண்டன். அவன் தன்னை மகன் எண்டு கூப்பிட்ட ஆளின்ர வழுவழுத்த கன்னத்தைப் பார்த்துப்போட்டு இன்னொருத்தனைக் கூப்பிட்டான். பரிதாபமா முகத்தை வைக்கப் பார்த்தன், முகம் ஒத்துழைக்கேல்ல. பயத்தில உண்மையா அழுகை வந்துது. கண்ணீர் மட்டும் ஓடுது, கன்னம் ஒரு நூல் அசையேல்ல, புதுப் பெயின்ற் அடிச்ச கப்பலில மழை பெய்த மாதிரி வழுக்கிக்கொண்டு போகுது. அழுகிறான் ஆனால் மூஞ்சி சிரிக்குதும் இல்லை, சுழிக்குதும் இல்லை எண்டு கண்டதும் அவங்களுக்குச் சந்தேகம் எட்டாயிரம் மடங்காகிப்போச்சு.

என்னோட வந்ததால சோமுவையும் மறிச்சு, மற்றப் பொடியன்களோட மரத்துக்குக் கீழ இருத்திப்போட்டாங்கள். நான் கூட வந்ததே அவனை அந்த மரத்துக்குக் கீழ போகவிடாமல் பாக்கத்தான். அவன் அங்கயிருந்து என்னைப் பார்த்து, "நீங்கள் பஸ்ஸில ஏறுங்கோ மாமா, எனக்கு ஒண்டுமில்லை" எண்டான். அவன்ர முகம் நல்லா அசையுது. எனக்கு அவன் சொன்னது பொய் எண்டு அதால விளங்கினது.

பஸ் ஹோண் அடிச்சுப் பார்த்துப்போட்டுப் போயிற்று. வெயில் ஏற ஏறக் காதடியில பூச்சு கிளம்பத் தொடங்கினது. பெரியவர் ஒருத்தர், சார்ஜனாக்கும், வந்து விரலால தட்டிப் பார்த்தார். "சார், ஒரு நிமிஷம்" எண்டுபோட்டு, காதடியில பிடிச்சு, தாடையால சுத்தி, நெற்றி மட்டும் ஒரே இழுவையில உரிச்சன். என்ர அறுபத்தாறு வருஷமும் சாக்குக் கட்டவிழ்ந்த மாதிரி கீழ விழுந்துது. அந்த ஆமிப் பொடியன் மண்மூட்டையில இடிபடுமட்டும் பின்னுக்குப் போனான். சார்ஜன் போகேல்ல. அந்தத் தோலை வாங்கி வெளிச்சத்தில பிடிச்சுப் பார்த்து, இது என்ன எண்டார். வெளிநாட்டில மருமகள் செய்தது, பூசினால் வயசு குறைஞ்சு தெரியும் எண்டன். அவர் என்னைப் பார்த்தார். மரத்தடியில இருந்த பொடியன்களைப் பார்த்தார். துவக்கோட நிண்ட தன்ர பொடியன்களையும் பார்த்தார்.

"இஞ்ச எதுக்கு சீயா வயசு குறைய?"

நக்கலாக் கேக்கேல்ல. அவருக்கு உண்மையிலேயே விளங்கேல்ல. 

என்னை அப்பவே விட்டாங்கள். சோமுவை விசாரிச்சு முடிச்சு விடப் பின்னேரமாச்சு. ஒரு அடியும் அடிக்கேல்ல, அதை உன் அம்மாவுக்கு முதலில சொல்லு. ஆனால் கொழும்புக்குப் போக வேற பஸ் இல்லை. செய்தி கேட்டு முனாப் வந்து வீட்டை ஏத்திக்கொண்டு போனான். அடுத்த நாள் காலமை நேர்முகம் நடக்கிற நேரத்தில சோமு வீட்டில கதிரையில இருந்து சப்பாத்துக்குப் பொலிஷ் போட்டுக்கொண்டிருந்தான்.

ஆகவே உடனே தூதரகத்தோட கதைச்சு இன்னொரு நாள் எடுத்துத் தா. கொஞ்சம் பிந்தின நாளா எடு. ஏனெண்டால் உரிச்ச பிறகும் உன் சாமான் உள்ளுக்கு ஈரத்தைப் பூட்டி வைச்சிட்டுது போல, முகம் சிவந்து மினுங்கி ஜம்புப்பழம் மாதிரி இருக்கு. ஒரு பத்து வயசு இன்னும் திரும்பி வரேல்ல. அதுக்காக நான் தினம் உச்சி வெயிலில தொப்பியில்லாமல் கடற்கரையில குந்தியிருந்து உப்புக்காத்தில முகத்தைக் காயவிடுறன். கருவாடு திருப்பிப்போடுற பெண்டுகள் என்னையும் ஒருக்கால் திருப்பிவிட்டினம். முதுமையைப் பதனிடுற இந்தத் தொழில் கடும் கஷ்டம். ஊரில மூண்டு பேருக்குப் பயணம் நிக்குது, எல்லாரும் என்ர நெற்றியைப் பார்த்துப் பார்த்துப் போகினம். எனவே மாமன் என்ற அதிகாரத்தில் கட்டளையிடுவது: இந்த ஆராய்ச்சியை இன்றோடு நிறுத்து. ரியூப்புகளைக் கடலில் எறி. கடல் உறைந்திருந்தால் உருகுமட்டும் காத்திருந்து எறி. மனிதத் தோல் சுருங்கட்டும், அது அதன் உரிமை.

நீ நோய்நொடியின்றி, உன் காலடியில் பனி வழுக்காமல், உன் பேராசிரியர்மார் உன்னைக் கண்டால் கதிரை இழுத்துப் போடுகிற அளவுக்கு உயர்ந்து, நீண்டகாலம் வாழ வேண்டுமென்று மாமியும் நானும் கடலுக்கு எதிரே நின்று வாழ்த்துகிறோம். உன் அம்மாவுக்கு என் அன்பும் மாமியின் மிளகாய்த்தூளும் தனிப் பொதியில்.

இப்படிக்கு,
வெயிலில் இருக்கும் மாமா,
இரத்தினசிங்கம்

பி.கு.: கடிதத்தை ஒட்டுறதுக்கு முதல் சோமு வாங்கி வாசிச்சவன். எல்லா இடத்திலும் சிரிச்சான், சார்ஜன் கேட்ட இடத்தில சிரிக்கேல்ல. ஆராய்ச்சியை நிறுத்தச் சொன்னதை வெட்டிவிட்டதாக எடுத்துக்கொள். நிறுத்தாதை பிள்ளை, பக்கத்தை மட்டும் மாத்து. இருபத்துநாலு வயசுப் பொடியனுக்குப் பூசினால் அறுபது தெரிய வேணும், அப்படி ஒண்டு செய்ய ஏலுமோ எண்டு உன்ர பேராசிரியரைக் கேள். பகிடியில்லை. செய்தால் ஓர்ஸ் ஹில்லில இருந்து துறைமுக வாசல் மட்டும் பொடியன்கள் வரிசையில நிப்பாங்கள். அந்தச் சாவடிப் பொடியனும் வந்தால் அவனுக்கும் குடுப்பம், அவனையும் கிழவன் எண்டு வீட்டை அனுப்பிவிடுவினம். முதல் ரியூப் சோமுவுக்கு. தலைக்கு நரை அடிக்கிறதை நான் பார்த்துக்கொள்ளுறன். சண்டை முடியிற அண்டைக்கு உரிச்சு எறிஞ்சுபோட்டு, அவன்ர வயசை அவனிட்டயே திருப்பிக் குடுத்திடுவம்.