ஜப்பான் கீரைச் சாறு

காசிமேட்டுலேருந்து எண்ணூர் வரைக்கும் பொண்டாட்டிய ஜெயிச்ச ஒரே ஆம்பள நான்தான். முழுசா அஞ்சு நாள் ஜெயிச்சேன். எப்டின்னு கேளுங்க.

பேரு குணசேகரன். ஹார்பர்ல கிரேன் ஓட்றேன். ஒரு நாளைக்குப் பதினாலு டீ. உள்ள டீ எறங்கலன்னா என் கிரேன் மேல ஏறாது. "வயித்துல புண்ணு, டீய நிறுத்து"ன்னு டாக்டரு சொன்னாரு. அந்தாளு சொன்னா நான் கேட்ருவனா? எம் பொண்டாட்டி கெங்கம்மா எங் கையப் புடிச்சு அவ தல மேல வச்சிக்கினா. "டீ தொட மாட்டேன்னு சத்தியம் பண்ணுய்யா." பண்ணிட்டேன். ரெண்டு வாரம் ஒரே பேஜாராப் பூட்ச்சி.

பர்மா பஜார்ல என் தோஸ்து கலீலுல்லா ஃபாரின் சாமான் கடை வச்சிகிறான். அவன்தான் அந்த பாட்டில நீட்டினான். உள்ள பச்சப்பசேல்னு கீது. மேல ஜப்பான் எழுத்து.

"இன்னா மாமு இது, பாசித் தண்ணியா?"

"மாட்சா. ஜப்பான்காரன் டீ. எலையவே அரைச்சு உட்ருக்கான்."

டீ! அதுவும் கீரை கலர்ல! எம் மூள அன்னிக்கு வேல செஞ்ச மாதிரி என்னிக்கும் செஞ்சதில்ல. அஞ்சு பாட்டில் வாங்கிகினு வூட்டுக்கு ஓடினேன்.

"கெங்கா, இது ஜப்பான் கீரைச் சாறு. வயித்துப் புண்ணுக்கு மருந்து."

அவ பாட்டில வெளிச்சத்துல தூக்கிப் பாத்தா. அப்பால என்னையும் பாத்தா.

"மருந்தா? அப்ப நானே டெய்லி ஊத்தித் தரேன். நீ தொடாத."

அடிச்சுது பாரு யோகம்! மறுநாள் காலையில, சத்தியம் வாங்கின அதே கையால டம்ளர்ல ஊத்திக் குடுத்தா. குடிச்சேன். கசப்பு. புல்லு வாசன. ஆனா தலைக்கு ஜிவ்வுனு ஏறிச்சு பாரு, அதான்டா டீ! அன்னிக்கு பூரா விசிலடிச்சுகினே கண்டெய்னர் தூக்கினேன்.

சாயங்காலம் வந்து உக்காந்தா, என் தட்டுல மோர் சோறு. அவ தட்டுல நெத்திலி வறுவல்.

"எனக்கு எங்கமே?"

"மருந்து சாப்புட்ற ஆளு கவிச்சி தொடலாமா? பத்தியம்யா. புளி, காரம், மீனு எல்லாம் கட்."

டீக்கு முன்னாடி நெத்திலி இன்னா பெருசு? பல்லக் கடிச்சிகினேன். ரெண்டாம் நாள் சங்கரா. மூணாம் நாள் எறா தொக்கு. நாலாம் நாள் சுறாப் புட்டு. பக்கத்து வூட்டு பச்சையம்மா வந்து எம் பங்கத் துண்ணுட்டுப் போச்சு. அஞ்சாம் நாள் வஞ்சிரம்.

வஞ்சிரம் கல்லுல வுழுந்த சத்தத்துலயே நான் வுழுந்துட்டேன்.

"கெங்கா! அது மருந்தில்ல, கீரையும் இல்ல. டீ! அஞ்சு நாளா உன் கையாலயே எனக்கு டீ ஊத்திக் குடுத்துகினு கீற! நான் ஜெயிச்சிட்டேன்! மீனப் போடு!"

அவ நிதானமா மீனத் திருப்பிப் போட்டா.

"நீ குடிச்சது முருங்கக்கீரத் தண்ணிய்யா. பாட்டில் பின்னாடி இங்கிலீஷ்ல டீன்னு எழுதிகீதுன்னு நம்ம பொண்ணு மதி மொத நாளே படிச்சு சொல்லிட்டா. சத்தியம் எந் தல மேலயாச்சே, உட்ருவனா?"

"அப்ப அந்த ஜப்பான் டீ?"

"நானும் பச்சையம்மாவும் டெய்லி ஒரு பாட்டில் குடிச்சோம். மொதல்ல கொமட்டிச்சு, அப்பால பழகிடுச்சு. மீனு வேணும்னா நாளைக்கு இன்னும் அஞ்சு வாங்கியா."